இஎஸ்பி32 மூலம் 12 வோல்ட் சோலினொயிட் வால்வு: மூன்றாவது ட்ரான்சிஸ்டரும் போய்விட்டது, எங்கே பிழை?

நிலாவெளித் தோட்டம் எழுதியது:

வணக்கம். நிலாவெளியில் எங்களுக்கு ஒரு சின்ன வெங்காயத் தோட்டம் இருக்கிறது. கிணற்றில் இருந்து மோட்டரால் தாங்கிக்கு ஏற்றி, அங்கிருந்து குழாய் வழியாகப் பாத்திகளுக்கு விடுகிறோம். அப்பாவுக்கு முழங்கால் வருத்தம். விடியப்புறம் எழும்பி இருட்டில் போய் வால்வைத் திறந்து மூடுவதை நிற்பாட்ட வேண்டும் என்றுதான் இந்த வேலையைத் தொடங்கினேன். இஎஸ்பி32 போர்ட் (வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டு போர்ட்) ஒன்று, 12 வோல்ட் பிளாஸ்டிக் சோலினொயிட் வால்வு (மின்சுருளால் திறந்து மூடும் வால்வு) ஒன்று, சோலார் பனலில் சார்ஜ் ஆகும் 12 வோல்ட் 7 அம்பியர் மணி பற்றரி, 5 வோல்டுக்கு இறக்க எல்எம்2596 மொடியூல். தோட்டத்தில் வால்வு இருக்கும் இடத்துக்கும் பெட்டிக்கும் இடையில் 25 மீட்டர் வயர் ஓடுகிறது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். முதலில் பிசி547 ட்ரான்சிஸ்டரால் ஒரு சின்ன நீல ரிலேயை (சுருளால் இயங்கும் சுவிட்சை) இயக்கி, அந்த ரிலே வால்வை இயக்கியது. பேஸில் 1கே ரெசிஸ்டர். டயோட் (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பகுதி) எதுவும் போடவில்லை. மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிறகு ரிலே ஒட்டிக்கொண்டது, ஓஃப் பண்ணினாலும் வால்வு மூடவில்லை, ஒரு பாத்தி முழுக்கச் சேறாகிவிட்டது. கடல் காற்றால்தான் என்று நினைத்து ரிலேயைக் கழற்றிவிட்டு பிசி547-ஐயே நேராக வால்வுக்குக் கொடுத்தேன். ஒரே ஒரு தடவை டிக் என்றது, அவ்வளவுதான். தட்டையான முகத்தில் ஊசி குத்தியது போல ஓட்டை, எரிந்த மணம்.

அடுத்தது 2என்2222. அதே மூன்று துளைகளில் அப்படியே போட்டேன். வால்வு திறக்கவே இல்லை, ஆனால் ட்ரான்சிஸ்டர் கொதித்தது, அதுவும் சிக்னல் கொடுக்காத நேரத்தில்! மூன்றாவது, பழைய யூபிஎஸ் போர்ட் ஒன்றில் கிடந்த ஐஆர்எஃப்இசட்44என் மொஸ்ஃபெட். 49 அம்பியர் தாங்கும் என்று டேட்டாஷீட்டில் இருக்கிறது. வால்வு சில நேரம் திறக்கும், சில நேரம் திறக்காது. மொஸ்ஃபெட்டில் விரல் வைக்க முடியாது. நேற்று அதுவும் ஷோர்ட் ஆகிவிட்டது. இதெல்லாம் போதாதென்று வால்வு திறக்கும் நேரம் போர்ட் பிரவுன்அவுட் (வோல்ட் குறைந்துவிட்டது) என்று செய்தி போட்டுவிட்டு ரீஸ்டார்ட் ஆகிறது, மூடும் நேரம் வைஃபை அறுகிறது.

49 அம்பியர் மொஸ்ஃபெட் ஒரு சின்ன வால்வை இயக்க முடியாமல் சூடாவது எப்படி என்று எனக்கு விளங்கவே இல்லை. சிறுபோகத்துக்கு முன்னர் இதைச் சரிசெய்ய வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


திருமலை ரிப்பெயர் மேசை எழுதியது:

தம்பி, மூன்று ட்ரான்சிஸ்டரும் மூன்று வேறு காரணத்தால் போயிருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நோய் என்று பார்த்தால் குழப்பம்தான் வரும். நீங்கள் விவரமாக எழுதியிருப்பதால் இங்கிருந்தே பெரும்பாலும் சொல்ல முடிகிறது, ஆனால் முதலில் வால்வின் இரண்டு முனைகளுக்கு இடையில் எத்தனை ஓம் என்று பாருங்கள், பிறகு அடுத்த மொஸ்ஃபெட் போடும்போது ஓன் ஆன நிலையில் ட்ரெயினுக்கும் சோர்ஸுக்கும் (மின்னோட்டம் உள்ளே வரும் கால், வெளியே போகும் கால்) இடையில் எத்தனை வோல்ட் என்றும் பாருங்கள். இந்த இரண்டு எண்ணும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பிசி547-க்கு வருகிறேன். அது 100 மில்லி அம்பியருக்கு மேல் தாங்காது. இந்த மாதிரி வால்வுகள் சாதாரணமாக 300, 400 மில்லி அம்பியர் இழுக்கும். ரிலேயின் சுருள் வெறும் 30 மில்லி அம்பியர்தான், அதனால்தான் அதோடு ஓடியது. நேராக வால்வைக் கொடுத்ததும் ஓட்டை.

2என்2222: பிசி547-ஐத் தட்டை முகம் உங்களைப் பார்க்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பிளாஸ்டிக் உடம்போடு வரும் பிஎன்2222-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். அதாவது நேர்மாறு. அதே துளைகளில் போட்டதால் எமிட்டர் வால்வுப் பக்கம் போய்விட்டது. எமிட்டர் பேஸ் சந்தி ரிவர்ஸில் 6 வோல்ட் அளவிலேயே முறிந்துவிடும், 12 வோல்டைத் தாங்காது. நீங்கள் சிக்னல் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வால்வின் சுருள் வழியாக வந்து அந்த முறிவு ஊடாகத் தரைக்கு (பற்றரியின் மைனஸுக்கு) போய்க்கொண்டே இருந்திருக்கும். வால்வு திறக்கப் போதாது, ட்ரான்சிஸ்டரைக் கொதிக்க வைக்கப் போதும். “சிக்னல் கொடுக்காத நேரத்தில்” என்று எழுதினீர்களே, அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு இது பிடிபட்டது. இன்னொன்று, பி2என்2222ஏ என்று ஒன்று வருகிறது, அதன் கால்கள் பிசி547 போலவே இருக்கும். ஆகவே பெயரை நம்பாமல் ஒவ்வொரு தடவையும் மீட்டரின் டயோட் நிலையில் வைத்துக் கால்களைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

ஐஆர்எஃப்இசட்44என் நல்ல மொஸ்ஃபெட், ஆனால் உங்கள் வேலைக்கு இல்லை. டேட்டாஷீட்டில் இருக்கும் அந்த அம்பியர் கணக்கு, சிக்னல் வாங்கும் காலான கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்தால்தான். அது திறக்கத் தொடங்கும் அளவே 2 முதல் 4 வோல்ட் வரை எங்கேயும் இருக்கலாம். இஎஸ்பி32 கொடுப்பது 3.3. உங்களுக்குக் கிடைத்த மொஸ்ஃபெட் அரைக் கதவு திறந்த நிலையில் நின்றிருக்கிறது. முழுக்க மூடினாலும் சூடு இல்லை, முழுக்கத் திறந்தாலும் சூடு இல்லை, நடுவில் நின்றால்தான் சூடு.

ரிலே ஒட்டியதற்கு உப்புக் காற்றை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். வால்வுக்குக் குறுக்கே டயோட் இல்லாமல் ரிலேயால் அறுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவை அறுக்கும்போதும் ரிலேக்குள் தொட்டு விலகும் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் பொறி பறந்திருக்கும். கழற்றிய ரிலே கையில் இருந்தால் மூடியை வெட்டிப் பாருங்கள், ஒரு புள்ளியில் மேடும் மற்றதில் பள்ளமும் இருக்கும்.


கிண்ணியா கரை எழுதியது:

நான் கொஞ்சம் மறுத்துச் சொல்ல வேண்டும். படகுகளில் தண்ணீர் இறைக்கும் 12 வோல்ட் பம்புக்கு ரிலே போட்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆர்டுயினோவில் இருந்து ஒரு 2என்2222, டயோட் கியோட் ஒன்றும் இல்லை, இன்றைக்கும் ஓடுகிறது. தம்பியின் ரிலேயும் மூன்று மாதம் ஓடியதுதானே. சரியான பகுதியைச் சரியான அம்பியருக்கு எடுத்தால் போதும் என்பது என் அனுபவம். டயோட் போட்டால் ரிலே விடுவது மெதுவாகும் என்றும் படித்திருக்கிறேன், அது உண்மை இல்லையா?


உப்புவெளி பௌதிகம் எழுதியது:

கிண்ணியா நானா சொல்வது பொய் இல்லை. அப்படி ஓடும் சுற்றுகளை நானும் பார்த்திருக்கிறேன். ஏன் ஓடுகிறது என்று தெரிந்தால்தான் அதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல முடியும். உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிப்பவள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலாவெளித் தம்பி, உங்கள் வால்வு மூடும் கணத்தில் குழாய் டொக் என்று ஒரு அடி அடிக்கிறதா? நீளக் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைத் திடீரென்று மறித்தால் அது நிற்க மறுத்து மறித்த இடத்தில் போய் மோதும். சுருளில் ஓடும் மின்னோட்டமும் அப்படித்தான். லென்சின் விதி என்று நாங்கள் படிப்பிப்பது இதைத்தான்: மின்னோட்டம் குறையப் பார்க்கும்போது, அதைக் குறையவிடாமல் ஓடவைக்கும் திசையில் சுருள் தானே ஒரு மின்னியக்க விசையைத் தூண்டும். எவ்வளவு வேகமாக அறுக்கிறீர்களோ அவ்வளவு பெரிய விசை.

எண்ணில் பார்ப்போம். உங்கள் வால்வின் தூண்டற்றிறன் 0.1 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம், மின்னோட்டம் 0.4 அம்பியர். ட்ரான்சிஸ்டர் அதை 10 மைக்ரோ செக்கனில் அறுக்கப் பார்த்தால் 0.1 ஐ 0.4 ஆல் பெருக்கி 10 மைக்ரோ செக்கனால் பிரிக்க வேண்டும், 4000 வோல்ட் வருகிறது. 12 வோல்ட் பற்றரியில் இருந்து! நடைமுறையில் அந்த 4000 வோல்டை நீங்கள் காணமாட்டீர்கள், ஏனென்றால் அதற்கு முன்னரே ட்ரான்சிஸ்டர் முறிந்துவிடும். பிசி547 என்றால் 45 வோல்ட், 2என்2222 என்றால் 30 வோல்ட், 2என்2222ஏ என்றால் 40 வோல்ட் வரைக்குத்தான் உறுதி. முறிந்ததும் சுருளில் சேர்ந்திருந்த சக்தி முழுவதும் அந்தக் கடுகளவு சிலிக்கனுக்குள் வெப்பமாகிறது.

நானாவின் 2என்2222 ஏன் தாங்குகிறது என்பது இங்கேதான் இருக்கிறது. சக்தி என்பது தூண்டற்றிறனின் பாதியை மின்னோட்டத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. ரிலே சுருளின் மின்னோட்டம் வால்வினுடையதில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு, ஆகவே அதே தூண்டற்றிறன் என்றால் சக்தி நூறில் ஒன்றுக்கும் குறைவு. ஒரு தடவை முறிந்தால் சாகாது, அடுத்த தடவையும் சாகாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் முறிகிறது, நானா. உங்கள் ட்ரான்சிஸ்டர் மூன்று வருடமாக அடி வாங்கிக்கொண்டே வேலை செய்கிறது. ஐஆர்எஃப்இசட்44 போன்ற மொஸ்ஃபெட்டுகளை இந்த முறிவுச் சக்தியை ஓரளவு தாங்கும்படியே செய்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் மொஸ்ஃபெட்டுக்கு அந்தத் தாங்கும் அளவும் குறைந்துவிடும், தம்பியினது அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

டயோட் (நம்முடைய பாடநூலில் இருவாயி) செய்வது, ஓட விரும்பும் மின்னோட்டத்துக்கு ஒரு சுற்றுவழி கொடுப்பது, வேறொன்றும் இல்லை. அறுத்த கணத்தில் சுருளின் முனைகள் மாறுகின்றன, அதுவரை தடுத்துக்கொண்டிருந்த டயோட் கடத்தத் தொடங்குகிறது, மின்னோட்டம் சுருளும் டயோடுமாகச் சுற்றிச் சுற்றிச் சில மில்லி செக்கன்களில் சுருளின் சொந்தத் தடையிலேயே தீர்ந்துபோகிறது. ட்ரான்சிஸ்டர் காண்பது பற்றரியின் 12 வோல்டும் டயோடின் ஒரு வோல்டுக்கும் குறைவான கூடுதலும்தான்.

ரிலே விடுவது மெதுவாகும் என்பது உண்மை. தோட்ட வால்வுக்குப் பத்து மில்லி செக்கன் பெரிய விஷயமே இல்லை. வேகம் தேவைப்படும் இடத்தில் டயோடோடு ஒரு செனர் டயோடைத் தொடராகச் சேர்ப்பார்கள், சக்தி சீக்கிரம் தீரும்.

நம்பாவிட்டால் ஒரு பரிசோதனை சொல்கிறேன், வகுப்பில் நான் செய்து காட்டுவது. பழைய மல்டி பிளக்கில் சிவப்பாக எரியும் சின்ன நியோன் பல்பு இருக்குமல்லவா, அதைக் கழற்றி 12 வோல்ட் ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே கட்டுங்கள். நியோன் பற்றவே 60 வோல்டுக்கு மேல் வேண்டும், 12 வோல்டில் சும்மா கிடக்கும். இப்போது பற்றரி வயரைச் சுருளில் தொட்டு எடுங்கள், கையால், ட்ரான்சிஸ்டர் இல்லாமல். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பாருங்கள். பிறகு வெள்ளிக் கோடு பற்றரியின் பிளஸ் பக்கம் இருக்கும்படி ஒரு 1என்4007-ஐச் சுருளுக்குக் குறுக்கே வைத்துவிட்டு அதையே செய்து பாருங்கள். வயரின் இன்சுலேஷனில் மட்டும் பிடியுங்கள், சுருளின் முனைகளில் விரல் படக்கூடாது.


நிலாவெளித் தோட்டம் எழுதியது:

டீச்சர், குழாய் அடிக்கிறதுதான்! அப்பா அதைப் பற்றித் தினமும் முறைப்படுகிறார். இப்போதுதான் எனக்கு விஷயம் ஓடுகிறது.

ரிப்பெயர் மேசை அண்ணா, வால்வு 29 ஓம் காட்டுகிறது. யூபிஎஸ் போர்டில் இன்னொரு ஐஆர்எஃப்இசட்44என் இருந்தது, அதைப் போட்டு அளந்தேன், ஓன் நிலையில் ட்ரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையில் 6.8 வோல்ட். ரிலேயையும் வெட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே, ஒரு புள்ளியில் கரிய பள்ளம், மற்றதில் சின்னப் பரு போல ஒன்று. பச்சை பிடித்திருந்தது வெளிக்கால்களில் மட்டும்தான்.

இரண்டு சந்தேகம். எந்தப் பகுதியை வாங்குவது? டயோடை எங்கே போடுவது, 25 மீட்டருக்கு அப்பால் வால்விலா, பெட்டிக்குள் போர்டிலா?


திருமலை ரிப்பெயர் மேசை எழுதியது:

6.8 வோல்ட் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மிச்சம் 5.2 வோல்ட்தான் வால்வுக்குக் கிடைக்கிறது, 29 ஓமுக்கு 0.18 அம்பியர். அந்த 0.18 ஐ 6.8 ஆல் பெருக்கினால் 1.2 வாட், அது மொஸ்ஃபெட்டில் சூடாகப் போகிறது. ஹீட்சிங்க் இல்லாத அந்த உடம்பு ஒரு வாட்டுக்கு 60 பாகை அளவு ஏறும். காற்றே 33, 34 பாகை இருக்கும் ஊரில் விரல் வைக்க முடியாததில் ஆச்சரியம் இல்லை.

உங்களுக்குத் தேவை ஐஆர்எல்இசட்44என். எஃப் இருந்த இடத்தில் எல், அந்த ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். 1 முதல் 2 வோல்டிலேயே திறக்கத் தொடங்கும், 4 வோல்ட் கேட்டில் அதன் தடை 0.035 ஓம் என்று டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது, உங்கள் 0.4 அம்பியருக்கு 3.3 வோல்டும் தாராளம். கடையில் எழுத்தை அழித்து வேறு பெயர் அடித்தவையும் வருகின்றன, வாங்கியதும் ஒரு 12 வோல்ட் பல்பை வைத்து, கேட்டுக்கு 3.3 கொடுத்து ட்ரெயின் வோல்ட்டை அளந்து பாருங்கள். அது கிடைக்காவிட்டால் டிஐபி122 எங்கும் கிடைக்கும். அது டார்லிங்டன் (ஒரே உடம்பில் இரண்டு ட்ரான்சிஸ்டர்), பேஸுக்கு 1கே போட்டால் 2 மில்லி அம்பியருக்கும் குறைவாகவே போர்டின் பின்னில் (காலில்) இருந்து எடுத்து வால்வைத் தாராளமாக இயக்கும். ஒரு வோல்ட் அளவு அதில் விழும், வால்வுக்கு 11 கிடைக்கும், பரவாயில்லை. தனி 2என்2222 வேண்டாம். 0.4 அம்பியருக்கு அதை முழுக்கத் திறக்கப் பேஸில் 40 மில்லி அம்பியர் கொடுக்க வேண்டும், இஎஸ்பி32 பின்னில் அவ்வளவு எடுக்கக் கூடாது. ரிலே நிறைய வைப்பவர்களுக்கு யூஎல்என்2003 சிப் வசதி, டயோட் உள்ளேயே இருக்கிறது. ஆனால் 9ஆம் காலை 12 வோல்டுக்குக் கொடுக்க மறந்தால் அந்த டயோட் இருந்தும் இல்லாதது போலத்தான்.

கேட்டுக்குத் தொடராக 220 ஓம், கேட்டில் இருந்து சோர்ஸுக்கு 10கே. இந்த 10கே-ஐப் பலர் விட்டுவிடுகிறார்கள். போர்ட் எழும்பும் அந்தச் சில நூறு மில்லி செக்கனில் பின் எந்தப் பக்கமும் இல்லாமல் மிதக்கும், அந்த நேரம் கேட்டைத் தரையில் பிடித்து வைக்க ஆள் வேண்டும்.

டயோட் எங்கே என்பது நல்ல கேள்வி. இரண்டு இடத்திலும் போடுங்கள். ஒன்றுதான் போட முடியும் என்றால் போர்டில், ட்ரெயினில் இருந்து 12 வோல்டுக்கு, வெள்ளிக் கோடு 12 வோல்ட் பக்கம். ஏன் இரண்டு என்றால், போர்டில் மட்டும் இருந்தால் மூடிய பிறகும் அந்த மின்னோட்டம் 25 மீட்டர் வயர் முழுக்கச் சுற்றித் தீர வேண்டும். வால்விலேயே ஒன்று இருந்தால் அது அங்கேயே சுற்றி முடிந்துவிடும், வயர் அன்டெனா மாதிரி இரைச்சல் பரப்பாது. ஆனால் வால்வில் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. வெளியில் கிடக்கும் டயோடின் கால் ஒரு மாரி மழையில் அரித்துப் போனால் உங்களுக்குத் தெரியவே வராது, அடுத்த தடவை மொஸ்ஃபெட் போன பிறகுதான் தெரியும். திறந்து மூடும் வேலைக்கு 1என்4007 போதும். மோட்டர் வேகத்தை பிடபிள்யூஎம்மால் (மிக வேகமாக ஓன் ஓஃப் பண்ணி) கட்டுப்படுத்துவதென்றால் மட்டும் அது மெதுவான டயோட், 1என்5819 போன்ற வேகமான ஷொட்கி டயோட் எடுங்கள்.

கடைசியாக ரீஸ்டார்ட். படத்தைப் பார்க்காமலே சொல்கிறேன், வால்வின் மைனஸ் வயரும் இஎஸ்பி32-இன் மைனஸ் வயரும் ஒரே மெல்லிய வயரில் சேர்ந்து பற்றரிக்குப் போகின்றன, சரியா? மொஸ்ஃபெட்டின் சோர்ஸில் இருந்து தடித்த வயர் ஒன்று நேரே பற்றரியின் மைனஸுக்குப் போகட்டும், எல்எம்2596-இன் மைனஸ் தனி வயராக அதே முனைக்கு வரட்டும். இரண்டும் பற்றரியில் மட்டும் சந்திக்க வேண்டும். மொஸ்ஃபெட்டுக்குப் பக்கத்தில் 12 வோல்டில் 1000 மைக்ரோஃபரட், இஎஸ்பி32-இன் 5 வோல்டில் 470 மைக்ரோஃபரட், 3.3-க்குக் கிட்ட ஒரு 100 நானோஃபரட் செராமிக். வைஃபை அனுப்பும் கணத்தில் இஎஸ்பி32 தானே சில நூறு மில்லி அம்பியர் இழுக்கும், அதே கணத்தில் வால்வும் திறந்தால் மெல்லிய வயரால் தாங்க முடியாது. வால்வு வரிக்கு ஒரு 1 அம்பியர் ஃபியூசும் போடுங்கள். அந்த வயர் வெறும் நிலத்தில் கிடக்கிறது, மண்வெட்டி படும்.


தம்பலகாமம் வயல் எழுதியது:

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். இஎஸ்பி32-இல் எந்தப் பின்னில் கட்டியிருக்கிறீர்கள்? 0, 2, 5, 12, 15 வேண்டாம், போர்ட் எழும்பும்போது அவற்றை அது தன் சொந்த வேலைக்குப் பார்க்கும், சிலவற்றில் சிக்னலும் வரும். 34 தொடக்கம் 39 வரை உள்ளே வாங்க மட்டும்தான், வெளியே கொடுக்காது. 25, 26, 27 நிம்மதி.

அடுத்தது, இது நன்றாக ஓடியதும் கிணற்று மோட்டரையும் இதே மாதிரி போட ஆசை வரும். எனக்கும் வந்தது. 230 வோல்ட் மோட்டரை அந்த நீல ரிலேயில் நேராகக் கட்டாதீர்கள். 10 அம்பியர் என்று எழுதியிருந்தாலும் மோட்டர் கிளம்பும் கணத்தில் அதன் பல மடங்கு இழுக்கும், புள்ளிகள் உருகி ஒட்டும், கிணறு வற்றிய பிறகும் மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும். ரிலே ஒரு கொண்டாக்டரை (மோட்டருக்கென்றே செய்த பெரிய ரிலேயை) இயக்கட்டும், கொண்டாக்டர் மோட்டரை இயக்கட்டும். ஏசி சுருளுக்கு டயோட் உதவாது, ஒன்றுவிட்ட ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஷோர்ட் ஆகும். அதற்கு 100 ஓமும் 0.1 மைக்ரோஃபரட் எக்ஸ்2 கப்பாசிட்டரும் தொடராகச் சேர்த்துக் குறுக்கே போடுவார்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் ஈரக் கிணற்றடியில் கை வைக்க வேண்டாம். அந்தப் பகுதியைத் தெரிந்த வயரிங் ஆள் ஒருவரைக் கொண்டே செய்வியுங்கள்.


கிண்ணியா கரை எழுதியது:

நேற்று இரவு டீச்சர் சொன்ன பரிசோதனையைச் செய்தேன். வாப்பாவின் பழைய மல்டி பிளக்கில் நியோன் இருந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை, மகள் ஓடிப் போய் விளக்கை அணைத்தாள், வயரை எடுத்த கணம் செம்மஞ்சளாக ஒரு மின்னல்! 12 வோல்ட் பற்றரிதான். பத்துப் பதினைந்து தடவை செய்தோம், ஒவ்வொரு தடவையும் வந்தது. டயோட் வைத்ததும் இல்லை. எடுத்ததும் வந்தது. நான் சொன்னதைத் திரும்ப எடுக்கிறேன். இன்று காலை இரண்டு படகின் பெட்டியையும் திறந்து டயோட் போட்டாயிற்று.

ஒரு படகில் அவசரத்தில் டயோடை மாறிப் போட்டுவிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன், யாருக்கும் உதவும். மாறிப் போட்டால் ட்ரான்சிஸ்டர் ஓன் ஆகும் கணத்தில் பற்றரி முழுவதும் டயோட் வழியாக ட்ரான்சிஸ்டரில் இறங்கும், சுருளுக்கு ஒன்றும் போகாது. 2என்2222-இன் தலை வெடித்துப் பறந்தது, கண்ணுக்கு ஓரமாகப் போனது. மூன்று வருடம் தாங்கிய அதே ட்ரான்சிஸ்டர். வெள்ளிக் கோடு பிளஸுக்கு, அதைப் பார்க்காமல் பவர் கொடுக்க வேண்டாம். முதல் தடவை கொடுக்கும்போது பற்றரிக்குத் தொடராக ஒரு 12 வோல்ட் பல்பை வைத்துக் கொடுங்கள், பிழை இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், வேறொன்றும் போகாது.

தம்பி, நிலாவெளிக் காற்றுக்கு: சோல்டர் எல்லாம் முடிந்ததும் பழைய பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து ஃப்ளக்ஸைக் கழுவி, காய்ந்த பிறகு போர்டுக்கு இரண்டு தடவை வார்னிஷ் பூசுங்கள், கனெக்டர் வாய்களில் மட்டும் படாமல். வயர் பெட்டிக்குள் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும், நுழையுமுன் வயர் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், மழைத்தண்ணீர் அதில் சொட்டிவிடும்.


நிலாவெளித் தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுக்க இதிலேயே இருந்தேன். ஐஆர்எல்இசட்44என் கிடைத்தது, பல்பு வைத்து முதலில் பார்த்தேன், சரி. 220 ஓம், 10கே, போர்டில் ஒரு 1என்4007, வால்வின் கால்களிலேயே இன்னொன்று சோல்டர் பண்ணி மேலே சிலிக்கோன் பசை பூசிவிட்டேன். பின்னை 12-இல் கட்டியிருந்தேன், 26-க்கு மாற்றினேன். மைனஸ் வயர் அண்ணா பார்க்காமலே சொன்ன மாதிரித்தான் இருந்தது, ஒரே வயரில் இரண்டும். பிரித்துவிட்டேன்.

கிண்ணியா நானா சொன்ன தொடர் பல்போடு முதல் பவர் கொடுத்தேன். பல்பு மங்கலாகத்தான் எரிந்தது. பிறகு பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தேன். ஓன் நிலையில் ட்ரெயினில் 0.01 வோல்ட், மீட்டர் பிழையோ என்று இரண்டு தடவை பார்த்தேன். வால்வுக்குப் போய் அங்கேயும் அளந்தேன், 11.6, மிச்சம் வயரில் விழுகிறது. அரை மணி நேரம் திறந்து வைத்த பிறகும் மொஸ்ஃபெட் குளிராக இருந்தது. இருநூறு தடவை திறந்து மூட ஒரு புரோகிராம் எழுதி ஓட விட்டேன், ஒரு தடவையும் ரீஸ்டார்ட் இல்லை, வைஃபையும் அறவில்லை.

இன்று விடிய அப்பா எழும்பி வருமுன்னரே முதல் நான்கு பாத்திக்கும் தண்ணீர் போய்விட்டது. டோர்ச்சோடு வந்து பெட்டியையும் வால்வையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, குழாய் இன்னும் டொக் என்று அடிக்கிறதே, அதற்கு என்ன போடப் போகிறாய் என்று கேட்டார். டீச்சர், தண்ணீருக்கும் டயோட் மாதிரி ஏதாவது இருக்கிறதா?


உப்புவெளி பௌதிகம் எழுதியது:

இருக்கிறது. வால்வுக்குச் சற்று முன்னால் குழாயில் ஒரு டீ போட்டு, மேல்நோக்கி இரண்டு அடிக் குழாய் ஒன்றை நிறுத்தி அதன் தலையை மூடிவிடுங்கள். உள்ளே நிற்கும் காற்று அந்த அடியை வாங்கிக்கொள்ளும். மாதத்தில் ஒரு தடவை தண்ணீரை வடித்துக் காற்று மறுபடி நிரம்ப விட வேண்டும். அப்பாவிடம் சொல்லுங்கள்.